பேட்டரி புதுசு, ரிசீவர் புதுசு, ஒயர் மட்டும் பழசு

பரணில் பல வருஷம் கிடந்து மறுபடி பறக்க வந்த ஒரு மாடல் விமானத்தின் நிகழ்வு ஆய்வு இது. இறக்கை மேலே அமைந்த, பால்சா மரத்தில் கட்டிய பயிற்சி விமானம். இறக்கை நுனிக்கு நுனி ஒன்றரை மீட்டர். கோளாறு இதுதான்: கையில் பிடித்து விமானத்தை இயக்கும் டிரான்ஸ்மிட்டரின் இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் வேகமாக அசைத்தால் விமானத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடும். இரண்டு நொடி கழித்துத் தானாக உயிர் வரும். ஒரு ஸ்டிக்கை மட்டும் அசைத்தால் ஒன்றும் ஆகாது. பேட்டரி புதியது, விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர் புதியது, டிரான்ஸ்மிட்டரும் புதியது. கோளாறு கடைசியில் அகப்பட்டது, பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் நடுவே இருந்த ஒரு ஜாண் கறுப்பு ஒயரில்.

தரையில் இரண்டு நொடி என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் இந்த அளவு விமானம் நொடிக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் போகும். இறங்கும் திருப்பத்தில் ஸ்டிக்கை இழுக்கிற நேரத்தில் இப்படி ஆனால் அந்த இரண்டு நொடிக்குள் முப்பது மீட்டர் தள்ளி யார் நிற்கிறார்களோ அவர்கள் பக்கம் அது போய்விடும். அதனால்தான் இந்த வகைக் கோளாறை "எப்பவாவது வருது" என்று விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

விமானத்தின் கதை

உரிமையாளர் திருநகர்க்காரர், ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர். என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களோடு பழகிய காலத்தில் இந்தப் பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பிரிவில் மாடல் விமானம் கட்டுவதும் பறக்கவிடுவதும் பயிற்சியிலேயே உண்டு. இந்த விமானத்தை அவரே கட்டினார். அப்போது அதில் இருந்தது 40 அளவு என்று சொல்லப்படும் ஆறரை சிசி குளோ எஞ்சின். அதற்கு எரிபொருள் மெத்தனால், கூடவே உராய்வு எண்ணெயாக விளக்கெண்ணெய். ரேடியோ 72 மெகாஹெர்ட்ஸ் செட்.

மெத்தனால் கிடைப்பது பெரும்பாடானதும் விமானம் பரண் ஏறியது. தமிழ்நாட்டில் அது உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாத சரக்கு. விஷச்சாராயச் சாவுகளைப் பார்த்த மாநிலத்தில் அந்தக் கண்டிப்பு தேவைதான். அப்புறம் எலக்ட்ரிக் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் மலிவானதும், சார் விமானத்தைக் கீழே இறக்கி, எஞ்சினைக் கழற்றி, பிரஷ்லெஸ் மோட்டார் மாட்டினார். 2.4 கிகாஹெர்ட்ஸ் செட் வாங்கினார். பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி பூத்துப் போயிருந்ததால் அதைத் தூக்கிவிட்டு, நாலு செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக் போட்டார். ஸ்டிக் அசைவுக்கு ஏற்ப இறக்கையிலும் வாலிலும் உள்ள மடல்களைத் திருப்பும் குட்டி மோட்டார்தான் சர்வோ. மூன்றும் பழையவை: இறக்கை மடலான ஐலரானுக்கு இறக்கை நடுவில் ஒன்று, வால் மடல்களான எலிவேட்டருக்கும் ரடருக்கும் உடலுக்குள் ஒவ்வொன்று.

மோட்டாருக்கு ஸ்பீடு கன்ட்ரோலர் இருக்கிறதே, அதிலிருந்தே ரிசீவருக்கு 5 வோல்ட் வருமே, தனி பேட்டரி எதற்கு என்று கேட்கலாம். அவர் வாங்கிய கன்ட்ரோலரில் இருந்தது லீனியர் வகை. மூன்று செல் லித்தியம் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட் தரும். அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும்போது மிச்ச 7.6 வோல்ட்டும் சூடாகத்தான் போக வேண்டும். சர்வோக்கள் ஒரு ஆம்பியர் இழுத்தால் ஏழரை வாட் சூடு, மூடிய மரப்பெட்டிக்குள், மதுரை வெயிலில். அதனால் கன்ட்ரோலர் கனெக்டரில் நடுவிலிருக்கும் சிவப்புப் பின்னை உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, ரிசீவருக்குத் தனி பேட்டரி வைத்தார். சரியான முடிவு. அந்த விஷயத்தில் நான் கை வைக்கவே இல்லை.

ஆனால் பேட்டரியை மாற்றியவர் சுவிட்சையும் அதன் ஒயர்களையும் மாற்றவில்லை. சுவிட்ச் உடலின் பக்கவாட்டில் திருகு போட்டு உட்கார்ந்திருந்தது, ஒயர் வெளிப்பார்வைக்குப் பளபளவென்று இருந்தது, பிளக்கும் புதுப் பேக்குக்குப் பொருந்தியது. எவரும் அப்படியே விட்டிருப்பார்கள்.

கோளாறு வந்ததும் அவர் முதலில் விமானத்தை ஒரு கடையில் காட்டியிருக்கிறார். ரிசீவர் சரியில்லை என்று அங்கே சொல்ல, வேறு ரிசீவர் வாங்கிப் போட்டார். அதே கோளாறு. அப்புறம் பேட்டரியைச் சந்தேகப்பட்டு இன்னொரு பேக். அதே கோளாறு. சிம்மக்கல்லில் என் வேலைமேஜைக்கு வந்தபோது சார் கொஞ்சம் சோர்ந்திருந்தார். "தம்பி, மாத்த வேண்டியதெல்லாம் மாத்தியாச்சு. இதுக்கு மேல என்னத்த மாத்துறது?"

வோல்ட்மீட்டர் பொய் சொல்லவில்லை, பாதிதான் சொன்னது

முதலில் புரொப்பல்லரைக் கழற்றினேன். மோட்டார் மாட்டிய எந்த விமானமும் மேஜைக்கு வந்தால் அதுதான் முதல் வேலை.

ரிசீவரில் காலியாக இருந்த ஒரு சாக்கெட்டில் மீட்டரை வைத்தேன்: 5.2 வோல்ட். நல்ல எண். டிரான்ஸ்மிட்டர் திரையும் ரிசீவர் வோல்டேஜ் 5.2 என்றுதான் காட்டியது. இரண்டு ஸ்டிக்கையும் கலக்கினேன். சர்வோக்கள் நின்றன, ரிசீவர் விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. மீட்டரில் எண் ஒரு கணம் 4.8 என்று இறங்கித் திரும்பியது. திரையில் அதுவும் இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். டிரான்ஸ்மிட்டர் திரைக்கு வரும் தகவல் இன்னும் நிதானம். சர்வோ மோட்டார் கிளம்புகிற நேரத்தில் இழுக்கிற கரன்ட்டோ சில பத்து மில்லிசெகண்டில் முடிந்துவிடும். அந்த இடைவெளியில் நடப்பதை இவை பார்ப்பதே இல்லை.

வோல்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் சின்ன டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்பை அதே சாக்கெட்டில் மாட்டி, வோல்டேஜ் 4.5-க்குக் கீழே போனால் படத்தை நிறுத்து என்று அமைத்துவிட்டு ஸ்டிக்கைக் கலக்கினேன். திரையில் கோடு 5.2-இல் நேராக ஓடி, செங்குத்தாக விழுந்து, 3.1 வோல்ட்டைத் தொட்டு, பல்லுப்பல்லாக மேலே ஏறியது. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த மாதிரி ரிசீவர்கள் மூன்றரை வோல்ட் பக்கம் போனாலே உள்ளே இருக்கும் சிப் அணைந்து மறுபடி தொடங்கும். தொடங்கி டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் பிடிக்கத்தான் அந்த இரண்டு நொடி.

பழைய 72 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். ரிசீவரில் இதே சரிவு வந்திருந்தால் சர்வோ ஒரு துள்ளு துள்ளும், வோல்டேஜ் திரும்பியதும் ஒன்றும் நடக்காத மாதிரி வேலை செய்யும். அதில் தொடங்கவும் தேடவும் ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் சார் யோசித்துவிட்டு, பரணுக்குப் போவதற்கு முன் கடைசியாகப் பறந்த நாட்களில் சர்வோ அப்படித் துள்ளியதாகச் சொன்னார். அப்போது வேறு யாரோ அதே சேனலில் இருக்கிறார்கள் என்று நினைத்தாராம். நினைத்ததில் தப்பில்லை. அந்தக் காலச் செட்டுகளில் ஒரு கிரிஸ்டல், ஒரு சேனல். அமெரிக்க வரிசையில் 72.010 முதல் 72.990 மெகாஹெர்ட்ஸ் வரை 20 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 50 சேனல். பக்கத்தில் ஒருவர் அதே சேனலைப் போட்டால் இரண்டு விமானமும் காலி. அந்தப் பயத்தில் ஒயரை யாரும் சந்தேகப்படவில்லை. நோய் அப்போதே தொடங்கியிருக்கிறது என்பதற்கு எனக்கு அந்தத் துள்ளல்தான் சாட்சி.

லோடு போட்டு அளந்தது

என்னிடம் வேலை பழகும் தம்பி அதற்குள் சுவிட்ச் ஒயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டான். "அண்ணே, பீப் வருதுண்ணே. ஒயர் நல்லாத்தானே இருக்கு?"

பீப் சத்தம் நல்ல ஒயருக்கு அத்தாட்சி ஆகாது. மீட்டரைப் பொறுத்து, மின்தடை முப்பது ஓமோ ஐம்பது ஓமோ இருக்கிற வரைக்கும் பீப் வரும். இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் வரும். ஓம் அளவில் வைத்தாலும், மீட்டரின் சொந்த ஒயர்களே 0.2, 0.3 ஓம் சாப்பிட்டுவிடும். அதற்குள் கோளாறைத் தேடுவது வீண். ஒயரைச் சோதிக்க வேண்டுமென்றால் அது வேலை செய்கிற அளவுக் கரன்ட்டை அதற்குள் ஓட்டிவிட்டு, எங்கே எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்று துண்டு துண்டாகப் பார்க்க வேண்டும்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று, டவுன்ஹால் ரோடு பக்கம் உதிரிபாகக் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அதன் காலில் ஒரு சர்வோ கனெக்டரைப் பற்றவைத்து வைத்துக்கொண்டால், ரிசீவர் இடத்தில் அதைச் செருகலாம். 5 வோல்ட்டுக்கு ஒரு ஆம்பியர் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும். ரெசிஸ்டர் தொட முடியாதபடி சுடும்; பால்சா மேல் வைக்காமல் ஓட்டுத்துண்டு மேல் வைத்துவிட்டு அளவுகளைச் சட்டென்று எடுத்துவிட வேண்டும்.

எடுத்த அளவுகள்: பேட்டரி முனையில், லோடு இருக்கும்போது 5.2 வோல்ட். ரிசீவர் முனையில் 4.1. நடுவில் 1.1 வோல்ட் காணோம். கரன்ட் 0.87 ஆம்பியர் என்பதால், வழியில் மொத்தம் சுமார் 1.26 ஓம் மின்தடை உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 1.1 வோல்ட் எங்கே போனது என்பதுதான் இந்த ஆய்வின் நடுமையம். மீட்டரின் கறுப்பு ஊசியை ஓரிடத்திலும் சிவப்பு ஊசியை ஓரிடத்திலும் குத்தி, வழி நெடுக வந்தேன். சிவப்பு ஒயர் பக்கம், சுவிட்சையும் சேர்த்து, 0.16 வோல்ட். பழைய சுவிட்சுக்கு அது பெரிய குறையில்லை. கறுப்பு ஒயர் பக்கம் 0.94. அதிலும் சுவிட்சின் கறுப்புப் பக்கத் தொடுப்பில் 0.20, பேட்டரி பிளக்கின் பின்னில் 0.12, மீதி 0.62 வோல்ட்டும் பிளக்கிலிருந்து சுவிட்ச் வரையிலான அந்த ஒரு ஜாண் ஒயரிலேயே. அதே நீளம், அதே பருமனுள்ள நல்ல ஒயரில் இந்தக் கரன்ட்டுக்குச் சில பத்து மில்லிவோல்ட்தான் விழ வேண்டும்.

இப்போது ஸ்டிக் கணக்கும் புலப்படும். இந்த வகைச் சர்வோ ஒன்று நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். ஒன்று மட்டும் கிளம்பினால் ரிசீவரில் நாலு வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருக்கும், ரிசீவர் தாங்கிக்கொள்ளும். மூன்றும் ஒன்றாகக் கிளம்பினால் மூன்று வோல்ட் பக்கம் போய்விடும். பேக்கை எத்தனை தடவை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கறுப்பு ஒயருக்குள்

சுவிட்சைக் கழற்றி வெளியே எடுத்தேன். கறுப்பு ஒயர் சிவப்பைவிடக் கொஞ்சம் விறைப்பு. கண்ணால் பார்த்தால் வேறு வித்தியாசம் தெரியாது. பிளேடால் மேலுறையை நீளவாக்கில் கீறித் திறந்தேன். சிவப்பு ஒயரில் செம்பு புதுச்செம்பு நிறத்தில் மின்னியது. கறுப்பு ஒயரில் இழைகள் அடுப்புக்கரி நிறம். பிளக் ஓரத்தில் பச்சையும் நீலமுமாகத் துகள். நாலைந்து இழைகள் விரல் நகம் பட்டதுமே முறிந்தன. சால்டரிங் அயர்னை வைத்து ஈயம் ஊட்டினால், ஈயம் பரவாமல் உருண்டு விழுந்தது. ஒயரை வெட்டி வெட்டி நல்ல செம்பு தேடிக்கொண்டே போனால், சுவிட்ச் வரைக்கும் எங்கும் இல்லை. சுவிட்சைத் தாண்டி ரிசீவருக்குப் போகும் கறுப்பு ஒயரிலும் முதல் இரண்டு விரற்கடை அளவுக்குக் கறுப்பு ஏறியிருந்தது.

பழைய மாடல்காரர்கள் இதைக் "கறுப்பு ஒயர் நோய்" என்பார்கள். நிக்கல் காட்மியம் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், கடுமையான காரம். செல் பழசாகி மூடியின் அடைப்பு தளர்ந்தால், அல்லது சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால், கரைசல் மெதுவாகக் கசியும். இந்தக் காரக் கரைசலுக்கு ஒரு குணம் உண்டு: நெகட்டிவ் முனையில் இருக்கும் உலோகத்தின் மேல்தான் அது அதிகம் ஊர்ந்து ஏறும். ஒயரின் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளி அதற்கு வசதியான பாதை. உறைக்குள்ளேயே நடப்பதால் வெளியே ஒரு அடையாளமும் இருக்காது. சிவப்பு ஒயர் பல வருஷம் கழித்தும் புதுசாக இருக்க, கறுப்பு ஒயர் மட்டும் அடியோடு போவது இதனால்தான்.

பூத்துப்போன பேக்கைப் பார்த்த அன்றைக்கே அதோடு தொட்டிருந்த ஒயர், பிளக், சுவிட்ச் எல்லாவற்றையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு துண்டை வெட்டி, நல்லதாகத் தெரிகிற இடத்தில் ஒட்டுப் போடுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பாதி கறுத்த ஒயரில் போட்ட ஒட்டு இன்றைக்கு நிற்கும். அதற்குள் மிச்சமிருக்கும் காரம் தன் வேலையைத் தொடரும்.

பழைய பேக் சாரின் பையில் இருந்தது. காட்மியம் நச்சு உலோகம். குப்பைத்தொட்டிக்கோ வைகைக் கரைக்கோ போகக் கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது சேகரிப்பவர்களிடம்தான் போக வேண்டும். பாலிதீன் பையில் கட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுக்க ஒதுக்கி வைத்தோம். பேக் இருந்த அறையில் படிந்திருந்த வெள்ளைப் பொடியை, கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட துணியால் துடைத்து, ஈரத்துணியால் மறுபடி துடைத்துக் காயவைத்தேன். காரம் பட்ட மரத்தில் புதுப் பேக்கை வைத்தால் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

புது ஒயர்

சுவிட்ச், இரண்டு பிளக், எல்லா ஒயரும் புதிது. ஒயர் 22 கேஜ், நிறைய மெல்லிய இழைகள் உள்ளது. பழையது 26; எண் கூடக் கூட ஒயர் மெல்லிசு. இந்த இரண்டு கேஜுக்கும் மின்தடை வித்தியாசம் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு: 22 கேஜ் செம்பு மீட்டருக்குச் சுமார் 53 மில்லிஓம், 26 கேஜ் சுமார் 134. எடையில் கூடுவது சில கிராம்தான். இந்த அளவு விமானத்துக்கு அது தெரியவே தெரியாது.

பின்களைக் கிரிம்ப் செய்வது, அதாவது ஒயர்மேல் நசுக்கிப் பொருத்துவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுவது இங்கேதான். சர்வோ பின்னில் இரண்டு ஜோடிக் காது இருக்கும். முன் ஜோடி செம்பு இழைகளைப் பிடிக்க, பின் ஜோடி மேலுறையைப் பிடிக்க. பின் ஜோடி செம்பைப் பிடித்திருந்தால் ஒயர் ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் இழைகளின் மேல் விழும். கொஞ்ச நாளில் முறியும். இழைகளுக்கு முன்கூட்டியே ஈயம் பூசிவிட்டுக் கிரிம்ப் செய்வது பலருக்கும் பழக்கம். அது கூடாது. ஈயம் மெத்து; அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், பிடி தளரும். வெறும் செம்பை முறுக்கி, காதை அழுத்தி, பின்னைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். வராமல் நின்றால் சரி.

சுவிட்ச் முனைகளில் பற்றவைப்புதான். 63/37 ஈயம், ரெசின் ஃப்ளக்ஸ் மட்டும். தகரம் ஒட்டுகிறவர்கள் பயன்படுத்தும் ஆசிட் ஃப்ளக்ஸை எலக்ட்ரானிக்ஸ் பக்கமே கொண்டுவரக் கூடாது. செல் செய்ததை அதுவும் செய்யும். பற்றவைத்ததும் ஈயம் இழைகளுக்குள் கொஞ்ச தூரம் ஏறும். ஏறிய பகுதி கம்பி மாதிரி விறைத்துக்கொள்ளும், அது முடிகிற ஓரத்தில்தான் ஒயர் எப்போதும் முறியும். அதனால் ஒவ்வொரு முனைக்கும் ஸ்லீவ் போட்டு, ஈயம் ஏறிய இடத்தைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை மூடி, அதற்கு அந்தப் பக்கம் ஒயரை உடல் பலகையோடு நூலால் கட்டினேன். ஆட்டம் கட்டோடு நின்றுவிடும், பற்றவைப்புக்கு வராது.

எலிவேட்டர், ரடர் சர்வோ ஒயர்கள் விளக்கெண்ணெய்ப் பிசுக்கில் ஊறிக் கிடந்தன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்ததும் வளைந்து கொடுத்தன. லோடு சோதனையிலும் தேறின. விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. திறக்கிற ஒவ்வொரு சர்வோவும் புதுக் கோளாறுக்கு ஒரு வாய்ப்பு.

இறக்கையில் இன்னொன்று

ஐலரான் சர்வோவின் ஒயர் தேறவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டும் இறக்கை என்பதால், ஒவ்வொரு முறை பறக்கப் போகும்போதும் இறக்கையை வைத்து அந்த ஒயரைச் செருக வேண்டும், திரும்பும்போது பிடுங்க வேண்டும். பிடுங்குகிறவர்கள் கனெக்டரைப் பிடிப்பதில்லை, ஒயரைத்தான் பிடிப்பார்கள். சர்வோவைச் சோதனைக் கருவியில் மாட்டி ஓடவிட்டுக்கொண்டே, ஒயரை அங்கங்கே இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தேன். சர்வோ பெட்டியிலிருந்து ஒயர் வெளியே வரும் ரப்பர்ப் பிடிக்கு அடுத்த இடத்தில் மடக்கியதும் சர்வோ உதறியது. உறை முழுசாக இருக்கிறது, உள்ளே சிக்னல் ஒயர் முறிந்திருக்கிறது.

சர்வோவின் அடி மூடியைத் திறந்து, பலகையிலிருந்து பழைய மூன்று ஒயரையும் எடுத்து, புது ஒயரைப் பற்றவைத்தேன். மூன்றின் இடத்தையும் கழற்றுவதற்கு முன்பே போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. உள்ளே சிவப்பும் கறுப்பும் இடம் மாறினால் சர்வோவின் சிப் அந்தக் கணமே போய்விடும்.

நீட்டிப்பு ஒயர் வீட்டில் செய்தது. முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி, அந்த டேப்பின் பசை வெயிலில் உருகி ஒழுகிக் கறையாகி இருந்தது. அதையும் தூக்கிவிட்டேன். ஒரு பாதி கறுப்பு, சிவப்பு, வெள்ளை. மறுபாதி பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு. வெவ்வேறு கம்பெனி வண்ணங்கள். இந்தச் சேர்க்கையில் ஆபத்தில்லை. இரண்டிலும் நடுவில் பிளஸ், ஓரத்தில் ஒரு பக்கம் மைனஸ், மறுபக்கம் சிக்னல். நடுவில் பிளஸ் இருப்பதன் நன்மை, கனெக்டரைத் தலைகீழாகச் செருகினாலும் சர்வோ எரியாது, வேலை செய்யாமல் மட்டும் நிற்கும். ஆனால் சாரின் பழைய டப்பாவில் உபரியாக இருந்த ஒரு சர்வோவில் மைனஸ்தான் நடுவில். அந்தக் காலச் செட்டுகள் சிலவற்றில் அப்படி உண்டு. கனெக்டர் இதிலும் பொருந்தும்; செருகினால் தலைகீழ் வோல்டேஜ் போகும். அதில் சிவப்பு டேப் ஒட்டி, "நடு மைனஸ்" என்று எழுதி டப்பாவில் போட்டேன். பழைய சாமான் டப்பா வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கனெக்டரின் பொருத்தத்தை நம்பாமல், ஒயர் பலகையில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ரிசீவரின் ஆன்டெனா ஒயர் ஒரு மீட்டர் நீளத்துக்கு வால் வரை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. 72 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 1.04 மீட்டர்; அதற்குத்தான் அந்த நீளம். இப்போது வேலையில்லை, உருவிவிட்டேன். புது ரிசீவரின் ஆன்டெனாவில் உறை உரித்த நுனி மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அந்த நுனிதான் வேலை செய்கிற பகுதி. சார் இரண்டு ஆன்டெனாவையும் சேர்த்து மடித்துப் பேட்டரிக்கு அடியில் திணித்திருந்தார். ஒன்றுக்கொன்று செங்குத்தாக, பேட்டரியையும் ஒயர்க் கட்டையும் விட்டுத் தள்ளி, உறிஞ்சுகுழலுக்குள் நுழைத்து ஒட்டினேன்.

அப்புறம் அளந்தது

அதே 4.7 ஓம் ரெசிஸ்டர். பேட்டரி முனையில் 5.17 வோல்ட், ரிசீவர் முனையில் 5.05. மொத்த இழப்பு 0.12 வோல்ட், 1.26 ஓம் இருந்த இடத்தில் இப்போது 0.11. ஆசிலோஸ்கோப்பை மாட்டி இரண்டு ஸ்டிக்கையும் என்னால் முடிந்த வேகத்தில் கலக்கினேன். மூன்று சர்வோவும் ஒன்றாகக் கிளம்பும்போதும் கோடு 4.7-க்குக் கீழே போகவில்லை. தம்பியிடம் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்துக் கலக்கச் சொல்லிவிட்டு, நான் ஒவ்வொரு ஒயரையும் இழுத்து, மடக்கி, சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். ரிசீவர் விளக்கு அசையவில்லை.

பறக்கவிட்டது அழகர்கோவில் பக்கம், கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஒரு கண்மாயில். திருநகருக்கு விமான நிலையம் ரொம்பப் பக்கம். அங்கே நினைக்கவே முடியாது. ட்ரோன் விதிகள் 2021-இன்படி, நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே அனுமதி வேண்டும், 8 முதல் 12 வரை 200 அடிக்கு மேல் வேண்டும். அதற்கு உள்ளே பேச்சே இல்லை. கிளம்புவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவோம்.

கண்மாயில் முதலில் ரேஞ்ச் சோதனை. டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு சார் முப்பது தப்படி நடந்து போனார். நான் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், மோட்டார் பாதி வேகத்தில். மோட்டார் ஓடும்போதுதான் உண்மையான அதிர்வும் மின் இரைச்சலும் இருக்கும். அதனால் இந்தச் சோதனையை மோட்டார் நிறுத்தி வைத்துச் செய்வதில் பாதிப் பயன்கூட இல்லை. சர்வோக்கள் சொன்னபடி நடந்தன. அப்புறம் டிரான்ஸ்மிட்டரை அணைக்கச் சொன்னேன். மோட்டார் உடனே நின்றது; சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் ஏற்பாடு சரி.

முதல் பறப்பைச் சாரே செய்தார். மேலே போய், உயரத்தில் இரண்டு ஸ்டிக்கையும் மூலைக்கு மூலை தள்ளிப் பார்த்தார். விமானம் கூடவே உருண்டு, கூடவே நிமிர்ந்தது. இறங்கியதும் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. பேக்கை வெளியே எடுத்துப் பிளக்கைக் கழற்றி வைத்தோம். இனி மாடலைச் சும்மா வைக்கும்போதெல்லாம் அப்படியே செய்வதாகச் சார் ஏற்றுக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு முறை அதே ரெசிஸ்டரைச் செருகி இரண்டு முனையிலும் வோல்டேஜை எழுதிவைக்க, பேட்டரி அறையின் மூடிக்கு உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். முதல் வரியில் 5.17, 5.05.